66 வயதில் மஞ்சள் காய்ச்சல் ஊசி: போடுவதா, விலக்குக் கடிதமா, பயணத்தையே மாற்றுவதா?

வெள்ளவத்தையில் இருக்கும் என் சித்திக்கு 66 வயது. மகள் கானாவில், டெமா துறைமுக நகரில் இருக்கிறாள். அங்குள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் கணவருக்கு வேலை. ஜனவரியில் முதல் பிள்ளை. சித்தி டிசம்பரில் போய், பிள்ளைப்பேறு பார்த்து, சரக்கு அரைத்துக் கொடுத்து, மூன்று மாதம் நின்றுவிட்டு வரவேண்டும் என்பது திட்டம். சித்தப்பாவுக்கு 74. தம்பிக்கு 24, அவன் இரண்டு வாரம் மட்டும் போய் வருவான்.

கானாவுக்குள் நுழைய 9 மாதத்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மஞ்சள் காய்ச்சல் (நுளம்பு பரப்பும் ஒரு வைரஸ் நோய்) தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். இதில்தான் சிக்கல். 60 வயதுக்கு மேல் முதன்முறையாக இந்த ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு, அரிதாக என்றாலும், ஆபத்தான பக்க விளைவு வரும் வாய்ப்பு இளம் வயதினரைவிட அதிகம். யாரோ இதை சித்தியிடம் சொல்லிவிட்டார்கள். “எனக்கு இந்த வயதில இது தேவையோ?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. “எல்லாரும் போடுகினம், நீங்களும் போடுங்கோ” என்பது அதற்குப் பதிலாகாது. “பயமெண்டால் விடுங்கோ” என்பதும் ஆகாது.

இப்படிப்பட்ட கேள்விக்கு இரண்டு எண்கள் வேண்டும். ஊசியால் வரக்கூடிய தீங்கு ஒன்று, ஊசி போடாவிட்டால் நோயால் வரக்கூடிய தீங்கு மற்றது. இரண்டும் ஒரே வயதுக்கும் ஒரே அளவுக்கும் உரியவையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் “லட்சத்தில் ஒருவர்”, மறுபக்கம் “நோய் வந்தவர்களில் பாதிப் பேர்” என்று வைத்து ஒப்பிட்டால் எந்த முடிவுக்கும் வரலாம்.

இதை நாம் ஒருமுறை கண்முன்னே பார்த்தோம். 2021 ஜனவரி 29 அன்று இலங்கையில் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது முதலில் போட்டது கோவிஷீல்ட், அதாவது இந்தியாவில் தயாரான அஸ்ட்ராசெனெகா. சில வாரங்களில், அந்த ஊசியால் மிக அரிதாக இரத்தக்கட்டு வருகிறது என்ற செய்தி ஐரோப்பாவிலிருந்து வந்தது. அந்த ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வின்டன் மையம் ஒரு கணக்கை வெளியிட்டது. பிரித்தானியாவில் தொற்று குறைவாக இருக்கும் நிலையில், 20 முதல் 29 வயதுள்ள ஒரு லட்சம் பேருக்கு ஊசி போட்டால், 16 வாரத்தில் 0.8 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது தவிர்க்கப்படும், ஊசியால் 1.1 பேருக்குக் கடுமையான தீங்கு வரும். 60 முதல் 69 வயதினரில் 14.1 பேர் அப்படித் தீவிர சிகிச்சையிலிருந்து தப்புவார்கள், தீங்கு 0.2 பேருக்கு. அதே ஊசி, அதே நாடு, அதே மாதம். இளைஞருக்குத் தராசு ஒரு பக்கம் சாய்கிறது, தாத்தாவுக்கு மறுபக்கம். அதனால்தான் பிரித்தானியா முதலில் 30 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், மே மாதத்தில் 40 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் வேறு ஊசி தரச் சொன்னது.

அந்தக் கணக்கின் இன்னொரு பகுதியைப் பலர் கவனிக்கவில்லை. தொற்று உச்சத்தில் இருந்தால், அதே 20 முதல் 29 வயதினரில் தவிர்க்கப்படும் எண்ணிக்கை 0.8 இலிருந்து 6.9 ஆகிவிடும். ஊசியின் தீங்கு 1.1 ஆகவே நிற்கும். வயது பாதிக் கதைதான். நாம் நிற்கும் இடத்தில் நோய் எவ்வளவு பரவுகிறது, அங்கே எவ்வளவு காலம் நிற்கப்போகிறோம் என்பது மற்றப் பாதி.

மஞ்சள் காய்ச்சல் ஊசியில் வயதின் திசை வேறு. இதில் இருப்பது 17டி என்ற வலு குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். பெரும்பாலானோருக்கு ஒரு நாள் உடம்பு நோவும் தலையிடியும் வரும், அவ்வளவுதான். மிகச் சிலரில் அந்த வைரஸ் கட்டுக்குள் நிற்காமல் பெருகிவிடுகிறது. ஈரல், சிறுநீரகம் எல்லாம் தாக்கப்பட்டு, கிட்டத்தட்ட மஞ்சள் காய்ச்சல் வந்ததுபோலவே ஆகும். அப்படி ஆனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். இன்னும் சிலரில் மூளையும் நரம்பும் பாதிக்கப்படும். அதில் மரணம் மிக அரிது.

அமெரிக்கக் கணக்குப்படி, எல்லா வயதினரையும் சேர்த்தால் உள்ளுறுப்புத் தாக்கம் லட்சம் ஊசிக்கு 0.3, நரம்புத் தாக்கம் 0.8. 60 வயதும் அதற்கு மேலும் மட்டும் எடுத்தால் 1.2, 2.2. அந்த வயதுக்குள்ளும் எல்லோரும் ஒன்றல்ல: 2000 முதல் 2006 வரையான கணக்கில் உள்ளுறுப்புத் தாக்கம் 60 முதல் 69 வயதில் லட்சத்துக்கு 1.0, 70க்கு மேல் 2.3. 2001ஆம் ஆண்டு அளவில்தான் இந்தப் பாதிப்பு முதன்முதலாக மருத்துவ இதழ்களில் வெளிவந்தது. 1930களில் இருந்து போட்டு வரும் ஊசி இது. 2019இல் பிரித்தானியாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, 60க்கு மேற்பட்டவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை என்று விதிகளை இறுக்கியது.

மறுமுனையில் கைக்குழந்தைகள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளில் இந்த ஊசியால் மூளையழற்சி வரும் வாய்ப்பு ஆயிரத்துக்கு 0.5 முதல் 4 வரை, அதாவது லட்சத்துக்கு 50 முதல் 400 வரை. இது அரிது என்று சொல்லக்கூடிய அளவே அல்ல. அதனால் ஆறு மாதத்துக்கு முன் போடவே கூடாது; வழக்கமாக 9 மாதத்தில்தான் போடுவார்கள். ஆக மிகச் சிறியவர்களும் முதியவர்களும் இரு பக்கமும் ஆபத்தில் நிற்க, நடுவயதுக்கு இது மிகப் பாதுகாப்பான ஊசி.

சரி, நோயின் பக்கம். மேற்கு ஆபிரிக்காவில் நோய் உள்ள பகுதியில் ஊசி போடாத ஒரு பயணி இரண்டு வாரம் தங்கினால், நோய் வரும் வாய்ப்பு லட்சத்துக்கு 50, இறக்கும் வாய்ப்பு லட்சத்துக்கு 10 என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது. தென் அமெரிக்காவுக்கு இது 5, 1. மேற்கு ஆபிரிக்க எண்ணை அப்படியே சித்திக்குப் போட முடியாது. அது அந்த ஊர் மக்களின் நோய்க் கணக்கிலிருந்து எடுத்தது. நுளம்புவலையும் குளிரூட்டியும் உள்ள வீட்டில், நகரத்தில் இருப்பவருக்கு ஆபத்து குறைவு. நாட்டுப்புறங்களில் பரவல் கூடுவது பெரும்பாலும் ஜூலை முதல் ஒக்டோபர் வரை. சித்தி போவது அதற்குப் பிறகு. ஆனால் நகரத்தில் பரப்பும் நுளம்பு நம் கொழும்பில் டெங்கு பரப்பும் அதே ஈடிஸ் இனம். பகலில் கடிக்கும், பூச்சாடித் தட்டுத் தண்ணீரிலேயே பெருகும். டெமா நகரம், அதனால் பயமில்லை என்று யாராவது சொன்னால், கொழும்பில் வாழ்கிற நமக்கே சிரிப்பு வர வேண்டும்.

ஆகவே நான் கணக்கை மூன்று விதமாகப் போட்டேன். நோயின் ஆபத்து அந்த மதிப்பீட்டின் முழு அளவில் இருந்தால்? பத்தில் ஒரு பங்காக இருந்தால்? ஐம்பதில் ஒரு பங்காக இருந்தால்?

சித்திக்கு ஊசியால் கடுமையான தீங்கு வரும் வாய்ப்பு, இரண்டு வகையையும் சேர்த்து, லட்சத்துக்கு 3.4. மரணம் ஏறக்குறைய 0.6. இந்த விலையை ஒருமுறைதான் கொடுக்க வேண்டும். நோயின் ஆபத்தோ அங்கே இருக்கும் ஒவ்வொரு வாரமும் கூடும். மூன்று மாதம் என்றால் அந்த இரண்டு வாரம் ஏறத்தாழ ஆறு தடவை. முழு அளவில் அது லட்சத்துக்கு 300 நோய், 60 மரணம். பத்தில் ஒன்று என்றால் 30, 6. ஐம்பதில் ஒன்று என்று மிகவும் தாராளமாகக் குறைத்தாலும் 6, 1.2. அப்போதும் ஊசியின் ஆபத்தைவிட நோயின் ஆபத்துதான் கூட.

அதே சித்தி இரண்டு வாரம் மட்டும் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்று என்றால் 5, 1. ஊசிப் பக்கம் 3.4, 0.6. கிட்டத்தட்டச் சமம். ஐம்பதில் ஒன்று என்றால் 1, 0.2, இப்போது ஊசி தோற்கிறது. ஒரு கிழமைக்கு ஒரு கல்யாணத்துக்காக ஹோட்டலில் தங்கப் போகும் 66 வயதுக்காரருக்கு நான் வேறு பதில்தான் சொல்வேன். தம்பிக்கு? 24 வயது, ஊசிப் பக்கம் எல்லா வயதுச் சராசரியே 1.1தான். இரண்டு வாரத்துக்குக்கூட யோசிக்கத் தேவையில்லை.

சித்தப்பாவின் கதை இதில் தனி. 74 வயது, முதல் தடவை போடுவதென்றால் இந்தக் குடும்பத்தில் மிகக் கூடிய ஆபத்து அவருக்குத்தான். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் நம்மவர்கள் பலர் நைஜீரியாவுக்குப் படிப்பிக்கப் போனார்களே, அதில் இவரும் ஒருவர். கானோவில் கணிதம் படிப்பித்தார். அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய கடவுச்சீட்டோடு றப்பர்பாண்ட் போட்டு, அப்போது போட்ட மஞ்சள் காய்ச்சல் ஊசியின் சான்றிதழான மஞ்சள் நிறக் காட் அப்படியே இருந்தது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் திகதி, கையெழுத்து, முத்திரை மூன்றும் வாசிக்க முடிகிறது. பத்து வருடம் செல்லும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. ஆனால் 2016 ஜூலை 11 முதல், உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச விதிப்படி, பழைய காட் உட்பட எல்லாமே வாழ்நாள் முழுவதும் செல்லும். உடம்பிலும் ஒரு ஊசியே போதும் என்பதுதான் அந்த நிறுவனத்தின் நிலைப்பாடு. இன்னொரு முக்கியமான விஷயம்: முதுமையில் கூடும் அந்த ஆபத்து பெரும்பாலும் முதல் ஊசிக்குரியது. நாற்பது வருடத்துக்கு முன் போட்ட ஒருவரை 74 வயதில் புதிதாகப் போடுபவரோடு ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. நைஜீரியா, சாம்பியா என்று போய்வந்த பெரியவர்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய காட் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பழைய கடவுச்சீட்டையும் கூடவே வைத்திருங்கள்.

இனி வேறு வழிகள்.

விலக்குக் கடிதம் பற்றிப் பலர் சொல்வார்கள். ஊசி பொருந்தாது என்று வைத்தியர் கருதினால், ஊசிச் சான்றிதழ் எழுதும் அதே மஞ்சள் புத்தகத்தில் அதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அதை நிரப்பி, முத்திரை குத்தி, தனிக் கடிதமும் கொடுப்பார்கள். போகும் நாடு அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தூதரகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். திரும்பி வரும்போது கட்டுநாயக்கவிலும் அது தேவைப்படும். ஆசியாவில் மஞ்சள் காய்ச்சல் இதுவரை வேர்விடவில்லை, ஆனால் பரப்பும் நுளம்பு இங்கே தாராளமாக இருக்கிறது. 2016இல் அங்கோலாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய 11 பேரோடு நோய் சீனாவுக்குள் வந்தது. அதனால் நோய் உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களிடம் இலங்கையும் சான்றிதழ் கேட்கிறது. கடிதத்தால் இந்தக் கவுண்டர்களைக் கடக்கலாம். டெமாவில் கடிக்கும் நுளம்புக்கு அதனால் எதுவும் இல்லை. மூன்று மாதம் இருக்கப் போகும், ஊசிக்குத் தடையான நோய் எதுவும் இல்லாத 66 வயதுக்காரருக்கு இது மிக மோசமான தெரிவு என்பது என் எண்ணம்: ஊசியின் ஆபத்தைத் தவிர்த்து, அதைவிடப் பெரிய ஆபத்தைத் தோளில் ஏற்றுகிறோம்.

கடிதம் உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் வேறு. நெஞ்சறைக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி வந்தவர்கள், அதை வெட்டி எடுத்தவர்கள், மயஸ்தீனியா என்ற தசைநோய் உள்ளவர்கள், முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீரொயிட் மாத்திரை அதிக அளவில் எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள். சித்தியின் சலரோகமும் பிரஷரும் மட்டும் ஊசிக்குத் தடை இல்லை. ஆனால் மூட்டுவாதத்துக்கு கிளினிக்கில் தரும் மாத்திரைகளில் நோய் எதிர்ப்பைக் குறைப்பவை உண்டு. மாத்திரைப் பையை அப்படியே கொண்டுபோய் வைத்தியர் முன்னால் கொட்டிக் காட்டச் சொன்னேன். பெயர் சொல்லிக் கேட்டால் நம்மவர்கள் “காலையில சின்னது ஒண்டு, வெள்ளை” என்றுதான் சொல்வார்கள்.

மகளைக் கொழும்புக்குக் கூப்பிடுவது? ஊசி ஆபத்து மட்டும் பார்த்தால் இதுதான் சிறந்தது. யாருக்கும் புதிதாக ஊசி வேண்டாம். அவள் கானா போகும்போதே போட்டுவிட்டாள். நான்காம் ஐந்தாம் மாதத்தில் இந்தப் பேச்சு வந்திருந்தால் இதையே சொல்லியிருப்பேன். 28 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலான விமான நிறுவனங்கள் வைத்தியரின் கடிதம் கேட்கும், 36க்குப் பிறகு ஏற்றிச் செல்வதில்லை. பிள்ளை பிறக்கும்போது கணவரும் கூட இருக்க வேண்டும் என்று அவள் விரும்புகிறாள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சித்தப்பாவும் தம்பியும் மட்டும் போவது என்ற யோசனையும் வந்தது. சித்தி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “ரெண்டு ஆம்பிளையளும் போய் அங்க என்ன செய்யப் போகினம்? அவளை ஆர் பார்க்கிறது?” என்றார். எண்களுக்கு வெளியே இருக்கும் காரணம்தான், ஆனால் முடிவில் அதற்கும் எடை உண்டு.

ஆக, எங்கள் வீட்டில் தேர்ந்தது இது: சித்தி ஊசி போட்டுக்கொண்டு போகிறார். வயது 66க்குப் பதில் 78 ஆக இருந்து, முன்பு ஊசி போடாதவராகவும் இருந்தால், மூன்று மாதத்துக்குக்கூட நான் தயங்கியிருப்பேன். மகளை வரவழைக்க முதலிலேயே பாடுபட்டிருப்பேன்.

எப்போது போடுவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. சான்றிதழ் ஊசிக்குப் பத்து நாளுக்குப் பிறகுதான் செல்லும். அதனால் பலர் சரியாகப் பத்து நாளுக்கு முன் போட்டுவிட்டு விமானம் ஏறுகிறார்கள். 60 தாண்டியவர்கள் அப்படிச் செய்யக் கூடாது என்பேன். உள்ளுறுப்புத் தாக்கம் பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள் தெரியும். நரம்புத் தாக்கம் ஒரு மாதம் வரை வரலாம். அந்த ஒரு மாதமும் கொழும்பில், தேசிய வைத்தியசாலை பக்கத்தில் இருக்கும் இடத்தில் கழியட்டும். பயணத்துக்கு ஆறு வாரம் முன்னதாகப் போடுவது நல்லது. பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பயணிகளுக்கு இந்த ஊசி போடுகிறார்கள். எந்த நாள், என்ன நேரம் என்று முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டு, கடவுச்சீட்டோடு போங்கள்.

அந்த மாதத்தில் காய்ச்சல் வந்தால் கொழும்பில் எவரும் முதலில் டெங்கு என்றுதான் நினைப்பார்கள். நவம்பர், டிசம்பர் மழையில் டெங்கும் கூடும். அதனால் நினைப்பது தவறும் இல்லை. ஆனால் ஊசி போட்ட திகதியை வைத்தியரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ் என்பதால், ஊசிக்குப் பிறகு எடுக்கும் டெங்கு எதிர்பொருள் சோதனை தவறாக “ஆம்” என்று காட்டலாம். கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், விடாத வாந்தி, குழப்பமான பேச்சு, கழுத்து விறைப்பு எதுவானாலும் வீட்டில் பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சித்தியின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஊசித் திகதியையும் இந்த அறிகுறிகளையும் தம்பி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறான்.

இத்தனை நாள் ஊசியைப் பற்றிப் பேசியதில் ஒருவரும் மலேரியாவைச் சொல்லவில்லை என்பது எனக்குக் கவலையாக இருந்தது. கானாவில் ஆண்டு முழுவதும் மலேரியா உண்டு. பயணிகளுக்கு மஞ்சள் காய்ச்சலைவிட அது வரும் வாய்ப்பு மிக அதிகம். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பிறகு நம் நினைவிலிருந்தே அந்தப் பெயர் போய்விட்டது. நாரஹேன்பிட்டியில் இருக்கும் மலேரியா தடை இயக்கத்தில் பயணிகளுக்குத் தடுப்பு மாத்திரை இலவசமாகவே தருகிறார்கள். மூவரும் வாங்க வேண்டும், பழைய காட் வைத்திருக்கும் சித்தப்பா உட்பட. மாத்திரையைத் திரும்பி வந்த பின்பும் சொன்ன நாள்வரை விழுங்க வேண்டும். எத்தனை நாள் என்பது எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது.

பிறக்கப்போகும் பிள்ளைக்கு 9 மாதம்வரை மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லை. கானாவின் வழமையான அட்டவணையிலேயே அது 9ஆம் மாதத்தில்தான் வருகிறது. சித்திக்குப் போட்ட ஊசியிலிருந்து, தூக்கி வைத்திருப்பதால் பிள்ளைக்கு எதுவும் தொற்றாது. அதுவரை பிள்ளைக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு நுளம்புவலை. ஈடிஸ் பகலில் கடிப்பதால், பகல் தூக்கத்துக்கும் வலை போட வேண்டும். தொட்டிலுக்கு அளவான வலை ஒன்றை இங்கிருந்தே வாங்கிப் பெட்டியில் வைத்தாயிற்று.